சத்தம் போடாத மாற்றமே ஆபத்து

"புதிய வெர்ஷன் வந்துள்ளது, அப்டேட் செய்யவா?" என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலர் கேள்வியைப் படிக்காமலேயே ஓ.கே. பட்டனை அழுத்திவிடுவார்கள். வேறு சிலர் "நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்?" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுவார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. புதிய வெர்ஷனில் ஏதாவது மாறியிருந்தால், அது மாறிவிட்டது என்று நமக்குத் தெரியவருமா?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். பல நூறு சர்வர்களை ஒரே சீராக வைத்திருக்கும் சாப்ட்வேர்களோடுதான் என் தினசரி வேலை. அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: ஒரு சாப்ட்வேர் மாறுவது தவறில்லை. பழைய பைல்கள் ஓடாமல் போகும் அளவுக்கு மாறினால்கூட சமாளித்துவிடலாம். எரர் மெசேஜ் எதுவும் காட்டாமல், பழைய பைலுக்குப் புதிய அர்த்தம் கொடுப்பதுதான் மன்னிக்க முடியாதது. ஏன் என்று பார்ப்போம்.

300 கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டியல்

வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் நாள் என்னென்ன செய்வோம்? தமிழில் எழுத கீபோர்டு அமைப்போம். பிரின்டரை இணைப்போம். பிரவுசரை நம் வசதிக்கு மாற்றுவோம். வேண்டிய புரோகிராம்களை இன்ஸ்டால் செய்வோம். அரை நாள் வேலை. இதையே 300 கம்ப்யூட்டர்களில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் செய்ய வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

அதற்காக வந்தவைதான் கான்பிகரேஷன் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர்கள். பப்பெட், செஃப், ஆன்சிபிள், சால்ட் ஆகியவை இந்த வகையில் பிரபலமானவை. இவற்றில் பப்பெட், லூக் கேனிஸ் என்பவர் 2005ம் ஆண்டு தொடங்கியது. நம் பொம்மலாட்டத்தில் ஒருவர் பல பொம்மைகளை ஆட்டுவிப்பது போல, ஓர் இடத்திலிருந்து பல கம்ப்யூட்டர்களை இது ஆட்டுவிக்கிறது.

"இந்த புரோகிராம் இருக்க வேண்டும். இந்த பைல் இப்படி இருக்க வேண்டும். இந்த சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று ஒரு பட்டியலை நாம் எழுதி வைப்போம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள பப்பெட் ஏஜென்ட், சாதாரண செட்டிங்கில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, தன் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் எதையும் தொடாது. வித்தியாசம் இருந்தால் மாற்றிவிடும்.

அந்தப் பட்டியலை எழுத ஒரு தனி மொழி இருக்கிறது. "இந்த மதிப்பு இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று நிபந்தனைகளும் எழுதலாம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சாப்ட்வேரின் புதிய வெர்ஷனில் இந்த மொழியின் இலக்கணம் மாறினால், ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியல்களின் கதி என்ன? அதுவும் 30 நிமிடத்தில் எல்லா சர்வர்களுக்கும் பரவிவிடும் ஒரு சாப்ட்வேரில்?

இரண்டு வகை மாற்றங்கள்

பள்ளி, கல்லூரிகளில் சொல்லித் தரப்படும் பைத்தான் மொழியிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். பைத்தான் 3, 2008ம் ஆண்டு டிசம்பரில் வந்தது. பைத்தான் 2-ல் எழுதிய புரோகிராம்கள் பல அதில் ஓடவில்லை.

பைத்தான் 2-ல் பிரிண்ட் என்று எழுதி, பக்கத்தில் வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் போதும். பைத்தான் 3-ல் அவற்றை அடைப்புக்குறிக்குள்ளும் கொடுக்க வேண்டும். பழைய முறையில் எழுதினால் உடனே எரர் மெசேஜ் வரும். எந்த வரியில் தவறு என்றும் காட்டும். திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு மாற்றம் வகுத்தலில். 3-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2-ல் விடை 1. பின்னத்தை வெட்டிவிடும். பைத்தான் 3-ல் விடை 1.5. கணக்குப்படி இதுதான் சரி என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பழைய விடையை நம்பி எழுதப்பட்ட புரோகிராமில் எந்த எரரும் வராது. புரோகிராம் ஓடும், விடை மட்டும் வேறாக இருக்கும்.

முதல் மாற்றம் கதவைப் பூட்டிவிட்டு "பூட்டியிருக்கிறது" என்று போர்டு மாட்டுவது போல. இரண்டாவது, தெருவின் பெயர்ப் பலகையை இரவோடு இரவாக அடுத்த தெருவுக்கு மாற்றி நடுவது போல. முதலாவதில் நமக்கு எரிச்சல் வரும். இரண்டாவதில், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்போடு தவறான வீட்டில் நிற்போம்.

பப்பெட் 3-லிருந்து 4-க்கு

பப்பெட் மொழியில் பெரிய மாற்றம் வந்தது 2015ம் ஆண்டு ஏப்ரலில் வெளியான 4-வது வெர்ஷனில். இந்த இரண்டு வகை மாற்றங்களும் அதில் இருந்தன.

முதலில் நல்ல உதாரணம். லினக்ஸில் ஒரு பைலை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதை 0644 போன்ற எண்ணால் குறிப்பார்கள். பப்பெட் 3-ல் இதை மேற்கோள் குறி இல்லாமலும் எழுதலாம். அங்கே எண்களும் வெறும் எழுத்துகளாகவே கையாளப்பட்டன. பப்பெட் 4-ல் எண் என்றால் எண்தான். பூஜ்யத்தில் தொடங்கும் 0644 என்பது எட்டின் அடிப்படையிலான எண்ணாக எடுத்துக்கொள்ளப்படும். நம் வழக்கமான கணக்கில் அதன் மதிப்பு 420. இந்த 420-ஐ பைல் அனுமதியாக எழுதியிருந்தால் என்ன ஆகும்? மாற்றக்கூடாத பைலை யாரோ மாற்றலாம். படிக்க வேண்டிய புரோகிராம் படிக்க முடியாமல் திணறலாம்.

பப்பெட்டை உருவாக்கியவர்கள் இங்கே புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். மேற்கோள் குறி இல்லாத எண்ணைப் பார்த்தால், பப்பெட் 4 "இது எழுத்தாக இருக்க வேண்டும், எண்ணாக இருக்கக்கூடாது" என்று எரர் காட்டி நின்றுவிடும். வேலை நடக்காது. ஆனால் தவறான வேலையும் நடக்காது.

இனி இன்னொரு உதாரணம். பப்பெட் 3-ல் ஒரு மதிப்பு காலியாக இருந்தால், அதாவது மேற்கோள் குறிகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால், நிபந்தனையில் அது "இல்லை" என்று பொருள்படும். பப்பெட் 4-ல் அதே காலி மதிப்பு "ஆம்" என்று பொருள்படும். வெற்றுப் பாத்திரமாக இருந்தாலும் பாத்திரம் இருக்கிறதல்லவா என்பது புதிய மொழியின் வாதம். தர்க்கப்படி இதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் பழைய பட்டியலின் எழுத்து ஒன்றுகூட மாறாமல், அர்த்தம் மட்டும் தலைகீழாகிறது. எரரும் கிடையாது.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 2019ம் ஆண்டிலும் பப்பெட் 3 ஓடிக்கொண்டிருந்தது. புதிய வெர்ஷனுக்கு மாற்றும் குழுவில் நானும் இருந்தேன். அங்கே பேக்கப் எடுப்பதற்கு ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. "இந்த கம்ப்யூட்டருக்குத் தனி பேக்கப் சர்வர் கொடுத்திருந்தால் அதற்கு அனுப்பு, இல்லாவிட்டால் பொது பேக்கப் சர்வருக்கு அனுப்பு." பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குத் தனி சர்வர் கிடையாது, அந்த இடம் காலியாக விடப்பட்டிருந்தது. பப்பெட் 3-ல் அது "இல்லை" என்று புரிந்துகொள்ளப்பட்டு, பல வருடங்களாக பேக்கப் பொது சர்வருக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பப்பெட் 4-ல் அந்தக் காலி இடம் "ஆம்" ஆகிவிடும். பேக்கப் அனுப்ப வேண்டிய சர்வரின் பெயர் என்ன? ஒன்றுமில்லை! அப்டேட் செய்த அன்றே, எந்த எரர் மெசேஜும் இல்லாமல் பப்பெட் தன் வேலையை முடித்திருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டராக பேக்கப் நின்றிருக்கும். பேக்கப் நின்றுவிட்டது என்று எப்போது தெரியும்? ஹார்ட் டிஸ்க் போன பிறகு, பேக்கப்பைத் தேடும்போது.

நல்லவேளையாக, நாங்கள் "எரர் வரவில்லை, எல்லாம் சரி" என்று நிற்கவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பப்பெட் தயாரிக்கும் இறுதிப் பட்டியலுக்கு கேட்டலாக் என்று பெயர். பழைய வெர்ஷனிலும் புதிய வெர்ஷனிலும் கேட்டலாக்கைத் தயாரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். அந்த ஒப்பீட்டில்தான் இந்தக் காலி சர்வர் பெயர் கண்ணில் பட்டது. அதன் பிறகு "காலியாக இல்லாவிட்டால்" என்று நிபந்தனையை வெளிப்படையாக எழுதினோம். எங்கள் பட்டியல்களில் அது பழைய வெர்ஷனிலும் புதிய வெர்ஷனிலும் ஒரே பொருளைத் தந்தது. பட்டியலை முதலில் பழைய வெர்ஷனிலேயே திருத்தி ஓடவிட்டு, பிறகுதான் வெர்ஷனை மாற்றினோம்.

அவர்கள் செய்த நல்லது, செய்யத் தவறியது

பப்பெட் குழுவைக் குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. புதிய மொழியை அவர்கள் திடீரென்று தலையில் கட்டவில்லை. 2013ம் ஆண்டு வந்த 3.2 வெர்ஷனிலேயே "பியூச்சர் பார்சர்" என்ற பெயரில் அதை ஒரு விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். ஒரு செட்டிங்கை மாற்றினால் புதிய மொழி, திரும்ப மாற்றினால் பழைய மொழி. இரண்டின் கேட்டலாக்கையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒரு மாட்யூலையும் பின்னர் வெளியிட்டார்கள். பப்பெட் 3-க்கான ஆதரவு 2016ம் ஆண்டு இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. முன்னோட்டம் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்றரை வருட அவகாசம்.

குறையும் இருந்தது. அந்த பியூச்சர் பார்சரே அடுத்தடுத்த வெர்ஷன்களில் மாறிக்கொண்டிருந்தது. ஆர்வமாக முன்கூட்டியே மாறியவர்கள் மீண்டும் திருத்தி எழுத நேர்ந்தது. சீக்கிரம் வந்தவருக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை யார் சீக்கிரம் வருவார்கள்?

அதைவிடப் பெரிய குறை, இல்லாத மதிப்பைக் கேட்டால் என்ன செய்வது என்பதில். 2012ம் ஆண்டு வந்த பப்பெட் 3, ஒரு மதிப்பை எங்கெல்லாம் தேடலாம் என்ற விதியை மாற்றியது. முன்பு கிடைத்துக்கொண்டிருந்த சில மதிப்புகள் அதில் கிடைக்காது. இதற்கு முந்தைய 2.7 வெர்ஷனில் எச்சரிக்கை கொடுத்தது உண்மைதான். ஆனால் எச்சரிக்கையைக் கவனிக்காமல் 3-க்கு மாறியவர்களுக்கு, கிடைக்காத மதிப்பு வெறுமையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. "இப்படி ஒரு மதிப்பே இல்லை" என்று எரர் காட்டும் செட்டிங் பிறகு வந்தது. ஆனால் நாமாக ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். அது தானாகவே ஆன் ஆகியிருக்கும் நிலை, 2023ம் ஆண்டு வந்த பப்பெட் 8-ல்தான் ஏற்பட்டது. சத்தம் போட்டு நிற்பதே நல்லது என்ற பாடத்துக்கு 11 வருடங்கள்!

இதே பாடத்தை ஆன்சிபிளும் படித்திருக்கிறது. 2025ம் ஆண்டு வெளியான ஆன்சிபிள்-கோர் 2.19-ல், நிபந்தனையின் விடை தெளிவாக "ஆம்" அல்லது "இல்லை" என்று இருக்க வேண்டும். வெறும் எழுத்துத் தொடரை நிபந்தனையாக வைத்தால் எரர். உடனடியாகத் திருத்த முடியாதவர்கள் ஒரு செட்டிங் மூலம் அந்த எரரைத் தற்காலிகமாக எச்சரிக்கையாக மாற்றிக்கொள்ளலாம். இதுதான் சரியான முறை என்பேன். முதலில் எச்சரிக்கை, பிறகு எரர், அவகாசம் வேண்டுபவருக்கு ஒரு வழி. அர்த்தத்தை மட்டும் ஓசையில்லாமல் மாற்றக்கூடாது.

மாறாமலே இருந்தால் என்ன?

"இவ்வளவு தொல்லை எதற்கு? மொழியை மாற்றாமலேயே விட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. எக்ஸெல்லைத் திறந்து ஒரு செல்லில் 60 என்று டைப் செய்யுங்கள். பிறகு அந்த செல்லின் பார்மட்டைத் தேதியாக மாற்றுங்கள். 1900ம் ஆண்டு பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது! 1900 லீப் வருடம் அல்ல. அந்தக் காலத்தில் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 சாப்ட்வேரில் இந்தத் தவறு இருந்தது. அதில் தயாரித்த பைல்கள் எக்ஸெல்லிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் அதே கணக்கை எடுத்துக்கொண்டது. இன்றுவரை அது மாறவில்லை. மாற்றினால் அந்த முறையில் சேமித்த தேதிகள் குழம்பிவிடும்.

ஒரு தேதியோடு போனதால் இதை நாம் பொறுத்துக்கொள்கிறோம். ஒரு மொழியில் இப்படி நூறு தவறுகள் சேர்ந்தால், புதிதாகக் கற்பவர் நூறையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். எனவே மாற்றம் தேவைதான். அது எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில்

"எனக்கு 300 சர்வர் கிடையாது, ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான்" என்று நினைக்காதீர்கள். விண்டோஸில் பவர்ஷெல் என்ற வசதி உள்ளது. விண்டோஸோடு வருவது 5.1 வெர்ஷன். 7-வது வெர்ஷனை நாம் தனியாக இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். வழக்கமான இங்கிலீஷ் அமைப்புள்ள கம்ப்யூட்டரில், 5.1-ல் செட்-கன்டென்ட் என்ற கட்டளையால் தமிழ் வரிகளை ஒரு பைலில் சேமித்தால், எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் பைலில் இருக்கும். எரர் வராது. 7-ல் அதே கட்டளை யுனிகோட் முறையான யு.டி.எப்-8-ல் சேமிக்கும், தமிழ் தமிழாகவே இருக்கும்.

இது நல்ல மாற்றம். இதை மைக்ரோசாப்ட் செய்த விதமும் நல்ல விதம். 7-ஐ இன்ஸ்டால் செய்தாலும் 5.1 அழிவதில்லை. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனிப் பெயரில் இருக்கும். பழைய வேலையைப் பழையதிலும், புதிய வேலையைப் புதியதிலும் செய்து பார்த்து, திருப்தியான பிறகு மாறிக்கொள்ளலாம்.

எக்ஸெல் பார்முலா, மேக்ரோ, நீங்களே எழுதிய சின்ன பைத்தான் புரோகிராம் என எதுவாக இருந்தாலும், வெர்ஷன் மாற்றும்போது பின்வருபவற்றைக் கவனியுங்கள்.

1. வெர்ஷன் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 3-லிருந்து 4 என்று முதல் எண் மாறினால், பல சாப்ட்வேர்களில் அது பெரிய மாற்றத்தின் அடையாளம். "என்ன மாறியிருக்கிறது" என்ற பக்கத்தைப் படிக்காமல் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

2. "டெப்ரிகேட்டட்" என்ற வார்த்தையைக் கண்டால் நில்லுங்கள். "இப்போது ஓடும், பின்னால் நீக்கப்படும்" என்று அதற்குப் பொருள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் நோட்டீஸ் மாதிரி. அன்றைக்கே கூரை இடியாது என்பதால் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

3. பல வெர்ஷன்களை ஒரே தாவலில் தாண்டாதீர்கள். எச்சரிக்கைகள் பெரும்பாலும் இடைப்பட்ட வெர்ஷன்களில்தான் இருக்கும். தாண்டினால் அவற்றைப் பார்க்காமலேயே போய்விடுவீர்கள்.

4. மாற்றும் முன் பைல்களின் காப்பியையும், பழைய விடைகளையும் எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு என்றால் கடந்த மாதத்தின் மொத்தத்தை ஒரு தாளில் எழுதி வைத்தாலே போதும். மாற்றிய பிறகு அதே மொத்தம் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். எரர் வரவில்லை என்பது, விடை சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

5. தள்ளிப் போடுவதற்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020ம் ஆண்டு ஜனவரி 1 அன்று முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025ம் ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவசரமாக மாறுவதைவிட, முன்பே நிதானமாக மாறுவது மேல்.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான்காவதைச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் சாப்ட்வேர் தயாரித்தவர் நமக்குச் சொன்னதைக் கேட்டுக்கொள்வது. நான்காவது மட்டும்தான், அவர் சொல்லாமல் விட்டதையும் கண்டுபிடிக்கும். எரர் மெசேஜைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உங்களைக் காப்பாற்றத்தான் வருகிறது. எரரே இல்லாமல் முடிந்த அப்டேட்டைத்தான் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.